தேவி முழு விலை கொடுத்து வாங்கிய மிக்ஸி

1

நான் சாமான் வாங்கும் கடையில் திடீரென்று அலமாரிகளில் எல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு இலைகளை ஒட்டிவிட்டார்கள். விலைச் சீட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில். இலை இருந்தால் கனடாவில் செய்தது. இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்தது. தெற்கே இருக்கும் பெரிய அண்டை வீட்டோடு வரித் தகராறு முற்றிப்போய், இங்கே சனங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் நாட்டுச் சாமானைத்தான் வாங்குவது என்று கிளம்பிவிட்டார்கள். இவர்களுக்கு ரோஷம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாம் அவர்கள் காலை மிதித்தாலும் நம்மிடமே மன்னிப்புக் கேட்கிற சனம் இது.

என் மகள் நிலா அன்றிலிருந்து இலைப் பைத்தியம் ஆகிவிட்டாள். பதினைந்து வயது. வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வை என்றால் கழுவ மாட்டாள். கடைக்கு மட்டும் கூடவே வந்து, நான் தள்ளுவண்டியில் போடுவதை எல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தக்காளி வெளியே போயிற்று. திராட்சை போயிற்று. புளியில் கை வைத்தபோதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, இதில் இலை இல்லை."

"புளிக்கு எங்கேடி இலை இருக்கும்? இந்தப் பனியில எவன் புளியமரம் வெச்சிருக்கான்?"

ஆனால் மைசூர்ப் பருப்பில் இலை இருந்தது. பெயர்தான் மைசூர், விளைவது கனடாவில். இங்கிருந்து கப்பலேறி நம் ஊருக்கும் போகிறதாம். ஊரில் என் அம்மா கிண்டிக்கொண்டிருக்கும் பருப்பு என் வீட்டுப் பக்கத்து வயலில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். உள்நாடு எது, வெளிநாடு எது என்று எனக்கே தலை சுற்றியது. நிலாவுக்குச் சுற்றவில்லை. அவள் பிறந்தது இங்கே. அவளுக்கு நாடு என்றால் ஒன்றுதான்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். பக்கத்து நாற்காலி டோனாவுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடையில் பை கேட்பதாக நினைத்து "கவர்" கேட்டுத் தபால் உறையோடு திரும்பி வந்த என்னைத் திருத்தியவள் அவள்தான். அவளும் இப்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறாள். ஏன் என்று கேட்டேன். இங்கே நாங்கள் இருப்பது இரும்பு ஆலைகளை நம்பி இருக்கிற ஊர். அவள் வீட்டுக்காரர் அவற்றில் ஒன்றுக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"ஆலை நின்றுவிட்டால் அவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். அதை என்னால் தாங்க முடியாது" என்று சிரித்தாள். சிரித்து முடித்தபின் முகத்தை உடனே கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.

2

அந்த வாரமே சென்னைப் பக்கம் எங்கள் ஊரான திருநின்றவூரிலிருந்து என் தம்பி முரளி பேசினான். ஸ்டேஷன் ரோட்டில் அவன் வைத்திருப்பது வீட்டுச் சாமான் கடை. குக்கர், மிக்ஸி, அடுப்பு, பிளாஸ்டிக் குடம், பாத்திரம். ஏரிக்கரைப் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் அப்பா காலத்திலேயே மனை மனையாகப் போய்விட்டது. முரளி விவசாயத்தைப் பார்த்தவனும் இல்லை, பெரிய படிப்புப் படித்தவனும் இல்லை. அந்தக் கடைதான் அவன் சோறு.

"க்கா, கடைய வுட்டுடலாம்னு பாக்கறேன்" என்றான், நலம்கூட விசாரிக்காமல்.

எதிரே ஒரு பெரிய கடை வந்துவிட்டது. ஏசி, கண்ணாடிக் கதவு, மேலே போக லிஃப்ட். உள்ளே முக்கால்வாசி வெளிநாட்டுச் சாமான். முரளி விற்பது திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி செய்யும் மிக்ஸி. பெயரைச் சொன்னால் அக்கம்பக்கத்தில் தவிர யாருக்கும் தெரியாது. வெள்ளை உடம்பு, நீலக் குமிழ். அழகு என்று சொல்ல முடியாது. எதிர்க்கடை மிக்ஸியோ கறுப்புக் கண்ணாடி போல மின்னும், தொட்டால் விளக்கு எரியும்.

"அப்ப நீயும் அதையே வாங்கி வெச்சுடேன்" என்றேன்.

"வெக்கலாம். ஆனா பெட்டி பெட்டியா எடுக்கணும். வித்தா ஆச்சு, விக்கலன்னா நம்ம தலையில. இந்தத் திருமழிசைக் கம்பெனி சார் அப்படி இல்லக்கா. நாலு பீஸ் கேட்டா நாலு பீஸ் குடுப்பாரு. மோட்டார் புகைஞ்சிடுச்சுன்னா போன் பண்ணா எடுப்பாரு, ஆள் அனுப்பி மாத்திக் குடுப்பாரு. அங்க வேலை செய்யறதுல பாதிப் பேரு நம்ம ஏரியா பொம்பளைங்க. அவங்க கையில காசு இருந்தாத்தான் எங்கடையில குடம் வாங்குவாங்க."

"அப்புறம் என்னடா?"

"அந்தப் பொம்பளைங்களே எதிர்க்கடைக்குத்தான் போறாங்க."

ஆவணியில் கடையின் அக்ரிமெண்ட் முடிகிறது. ஆடித் தள்ளுபடியிலும் கல்யாணச் சீர் வியாபாரத்திலும் ஏதாவது நடந்தால் பார்ப்பான். இல்லையென்றால் மிக்ஸிகளைத் திருமழிசைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, எதிர்க்கடையிலேயே விற்பனையாளாகச் சேர்ந்துவிடுவான். அவர்கள் ஆள் கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். சொந்தக் கடையில் உட்கார்ந்தவன் எதிர்க்கடையில் டை கட்டி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு நாற்பது வயது.

எப்படியும் ஆடி மாதம், இங்கே கோடை விடுமுறையில், ஊருக்குப் போவதாகத்தான் இருந்தது. அதற்கு முன் நிலாவின் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்குப் புதுப் படம் ஏற்ற வேண்டியிருந்தது. காது தெரியவில்லை என்று ஒரு முறை திருப்பினார்கள். காது தெரிய எடுத்தால் பின்னால் நிழல் விழுகிறது என்று இன்னொரு முறை. "என் காதைப் பார்த்து நான் இந்தியாவுக்குச் சொந்தமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

பெட்டி கட்டும்போதும் இலை விடவில்லை. ஊருக்குப் பரிசாக எதைக் கொண்டுபோனாலும் அதில் இலை இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆகவே, பெட்டி நிறைய மேப்பிள் பாகு. இந்த ஊரில் மரத்திலிருந்து வடித்துக் காய்ச்சும் இனிப்புப் பாகு.

3

ஊரில் அம்மா பாகில் ஒரு சொட்டு எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்தாள்.

"நல்லாத்தாண்டி கீது. ஆனா பதம் தப்பிப்போச்சு. இன்னும் ரெண்டு கொதி வுட்ருக்கணும்."

நிலாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து அம்மாவை விட்டு மாமாவோடு ஒட்டிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தாள். நானும் கூடப் போனேன். ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு கும்பல் கடையைத் தாண்டி ஓடும். அம்பத்தூர், ஆவடி பக்கமிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள், புது அடுக்குமாடிகளில் வாடகைக்கு வந்த பிள்ளைகள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது போனிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. மீதிப் பேர் எதிர்க்கடையின் ஏசிக் காற்றுக்கு இழுபட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் பூரா வெந்துவிட்டு வருகிறவளுக்குக் குளிர்ந்த கடையில் நாலு சாமானைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக ஆசை இருக்காதா?

நிலா இரண்டு நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் ஸ்கெட்ச் பேனாவும் அட்டையுமாக உட்கார்ந்துவிட்டாள். இந்தியாவுக்கு என்ன இலை போடுவது என்று என்னிடம் கேட்டாள். வேப்பிலை போடு என்றேன், விளையாட்டாக. அழகான பச்சை வேப்பிலை வரைந்து, தமிழில் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அது எங்கே செய்தது என்று எழுதி ஒட்டினாள். குக்கருக்கு அம்பத்தூர். அடுப்புக்கு ஆவடி. மிக்ஸி வரிசைக்குத் திருமழிசை. முரளிக்குச் சந்தேகம்தான், ஆனாலும் அக்கா மகள் ஆசையாகச் செய்கிறாளே என்று விட்டுவிட்டான்.

பலன் மாலைக்குள் தெரிந்துவிட்டது. பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது நம்ம திருமழிசைல செய்யறதா?"

"ஆமாண்ணே. நல்ல சாமான்."

"அய்யே! அங்க என் மச்சான் வாட்ச்மேனா கீறான். பஸ் ஏறிப் போனா கம்பெனி ரேட்டுக்கு வாங்கிக்கலாமே. இங்க இன்னாத்துக்கு இவ்ளோ?"

மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அடுத்து வந்த பெண்ணுக்கு அங்கே ஓரகத்தி வேலை செய்தாள். அதற்கு அடுத்தவருக்குக் கம்பெனி ஓனரின் டிரைவரைத் தெரியும். இந்தப் பக்கத்தில் எஸ்டேட்டுக்குள் ஒரு ஆள் தெரியாத மனிதனே கிடையாது. பக்கத்தில் செய்தது என்று தெரிந்த மாத்திரத்தில் எல்லாருக்கும் கடை விலை கசந்துவிட்டது. கனடாவில் இலையைப் பார்த்தால் நாலு காசு கூடக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் வேப்பிலையைப் பார்த்ததும் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்.

"உன் பொண்ண வெச்சிகினு நீ கனடாவுக்கே போ" என்றான் முரளி, அட்டைகளைப் பிய்த்துக்கொண்டே. அப்புறம் நிலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குக் குல்ஃபி வாங்கிக் கொடுத்தான்.

4

தேவி கடைக்கு வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் பத்தாவதோடு நின்றாள், நான் கல்லூரி, கல்யாணம், கனடா என்று போய்விட்டேன். அவள் அந்தத் திருமழிசைக் கம்பெனியில்தான் இருக்கிறாள், மிக்ஸி ஜாருக்கு அடிப்பாகம் பொருத்தும் வேலை. கம்பெனி வண்டியில் காலையில் போய்ச் சாயங்காலம் வருவாள்.

"இன்னாடி வசந்தி! வந்துகீறேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாது?" என்று கட்டிக்கொண்டாள். "உன் பொண்ணா இது? ஒட்டடக்குச்சி மாதிரி வளந்துட்டாளே!"

அவள் மகள் கீதாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வேப்பம்பட்டு, ரயிலில் அடுத்த ஸ்டேஷன். சீர்ச் சாமான் வாங்க வந்திருந்தாள். குடம், அண்டா, தட்டு எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தாள். முரளி சந்தோஷமாகக் கட்டி வைத்தான். கடைசியில் மிக்ஸி எடுக்கட்டுமா என்றான்.

"மிக்ஸி வேணாம் தம்பி. அது எதிர்ல பாத்து வெச்சிகீறேன். அந்தக் கறுப்பு."

முரளி கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்டி, நீ செய்யற சாமான நீயே வாங்கலன்னா வேற எவன்டி வாங்குவான்?"

"உனக்கு இன்னா தெரியும்?" என்றாள் தேவி. "எங்க கம்பெனி மிக்ஸிய சீர்ல வெச்சா சம்பந்தி ஊட்ல இன்னா சொல்லுவாங்க? வேல செய்யற எடத்துல ஓசில குட்த்தத எட்த்துகினு வந்து வெச்சிட்டான்னுவாங்க. திருட்டுத்தனமா அட்ச்சிகினு வந்துட்டான்னுகூட பேசுவாங்க. காசு போட்டு வாங்கனாதாண்டி சீரு. நாளைக்கி என் பொண்ணு தல குனிஞ்சி நிக்கணுமா?"

"எல்லாரும் இப்படியே நெனச்சா உன் கம்பெனிய மூடிடுவாங்க. அப்ப என்ன பண்ணுவ?"

"நீ ஊரையே வுட்டுட்டுப் போன. நான் ஒரு மிக்ஸிய வுட்டா தப்பா?"

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகி, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. ஆன்ட்டி என்ன சொன்னார்கள் என்று நிலா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. டோனாவுக்கு யாரும் இப்படி ஒரு கேள்வி வைப்பதில்லை. அவள் வீட்டுக்காரர் ஆலையின் இரும்பில் செய்த வாணலியை அவள் மகளுக்குக் கொடுத்தால் ஓசி என்று எந்தச் சம்பந்தியும் சொல்லப்போவதில்லை.

முரளி அன்றே திருமழிசைக்குப் போன் போட்டான். "சார், மன்னிச்சிக்கங்க. சரக்க வந்து எடுத்துகினு போயிடுங்க."

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஓனரே ஒரு மினி வேனில் வந்தார். அறுபது வயதுக்காரர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். கோபப்படவில்லை. "ஆவடியிலயும் ரெண்டு கடை திருப்பிட்டாங்க தம்பி. உன்ன மட்டும் சொல்லி என்ன பண்றது?" என்றார். அந்த வார்த்தை முரளியைத் திட்டினதைவிட மோசமாகச் சுட்டது. பெட்டிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். நானும் நிலாவும் ஆளுக்கொன்று தூக்கிக் கொடுத்தோம்.

பாதி ஏற்றியிருப்போம். வேலை முடிந்து, ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கித் தேவி நேராகக் கடைக்கு வந்தாள்.

"ஒண்ண எறக்கு தம்பி" என்றாள்.

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? மாவரைக்கத்தான். கீதாவுக்கு. முழு வெல போடு. ஒரு ரூவா கொறைக்காத. பில்லு குடு."

ஓனர் குழம்பிப்போனார். "என்னம்மா தேவி, பொண்ணு கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒண்ணு கொடுத்திருப்பேனே!"

"குடுப்பீங்க சார். அதான் சொல்லல."

நல்லதாக ஒன்று பார்த்து எடுத்துத் தரவா என்று முரளி கேட்டான். "எது வேணா குடு. எல்லாம் நாங்க செஞ்சதுதான்" என்றாள். புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள். ஓனர் முன்னால் நின்று, அவர் கம்பெனிச் சாமானுக்கு, அவர் கொடுத்த சம்பளத்தை. நான் பெட்டியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். தன் மானத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் மனசு மாறினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போனபின் முரளி வண்டியருகே போய் நின்றான்.

"சார், பாதிய எறக்கி வெச்சிட்டுப் போங்க."

5

இப்போது கனடா திரும்பிவிட்டோம். வாசல் மரத்தில் இலை பழுத்துக் கொட்டுகிறது, வாருவது என் வேலை. காலையில் சாப்பாடு கட்டி, காரின் கண்ணாடியைத் துடைத்து, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறேன். டோனாவின் வீட்டுக்காரருக்கு வாரத்தில் சில நாள் வேலை இல்லையாம். அவர் வீட்டுக் கூரையைச் சரி செய்கிறேன் என்று ஏறியிருக்கிறார், பயமாக இருக்கிறது என்றாள். தேவியின் கதையைச் சொன்னேன். சீர் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் என் ஆங்கிலம் நாலு இடத்தில் விழுந்து எழுந்தது. ஆனால் ஓனர் முன்னால் நின்று எண்ணிக் கொடுத்ததைச் சொன்னபோது அவளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. "ஆமாம்" என்று மட்டும் சொன்னாள்.

நிலா கடையில் இப்போதும் சாமானைத் திருப்பிப் பார்க்கிறாள். புளியைத் தள்ளுவண்டியில் அவளே எடுத்துப் போடுகிறாள். நான் காரணம் கேட்கவில்லை. கேட்டால் வெளியே எடுத்துவிடுவாளோ என்று பயம்.

முரளி வாராவாரம் பேசுகிறான். கடையில் கூட்டம் அலைமோதவில்லை. எதிர்க்கடையின் லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கம்பெனி ரேட்டுக்குக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவனிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. "அங்க வேல செய்யற தேவிக்காவே எங்கடையில முழு வெலை குடுத்து வாங்கனாங்க. உனக்கு இன்னாய்யா கம்பெனி ரேட்டு?" என்கிறானாம். சிலர் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள். தேவியோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் மகள்களுக்கென்று வந்து வாங்கினார்கள், அவர்களும் பில்லோடு. மிக்ஸியின் ஜார், வாஷர், பிளேடு எல்லாம் தனித்தனியாக வாங்கி வைத்திருக்கிறான். வேறு கடையில் வாங்கியதையும் ரிப்பேர் பார்க்கிறான். ஆவணியில் முடிவு சொல்வதாக இருந்தவன், அக்ரிமெண்டைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, இப்போது பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்கிறான். கடைக்காரனுக்குப் பொங்கல் வரைக்கும் என்பதே பெரிய நம்பிக்கை.

6

கல்யாணத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், வேப்பம்பட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். முழங்கால் வலிக்கிறது என்று அம்மா சீர் வரிசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாத்திரங்களுக்கு நடுவில் அந்த வெள்ளை மிக்ஸி, நீலக் குமிழோடு, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மிக்ஸியிடம் நின்றார்.

"இது உங்க கம்பெனி மிக்ஸியாச்சே சம்பந்தி?"

"ஆமா சம்பந்தி" என்றாள் தேவி. "கடையில வாங்கனேன், முழு வெலைக்கு. பில்லு உள்ளயே கீது."

அந்த அம்மாள் பில்லைத் தேடவில்லை. ஜாரை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. எங்க ஊட்ல ஒரு மிக்ஸியும் வருசம் தாங்காது. ஜார் தேஞ்சா உங்ககிட்டயே குடுத்து அனுப்பிடலாம்."

"தாராளமா. வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. கீதாகிட்டயே குடுத்து அனுப்புங்க."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். தேவி என் பக்கம் குனிந்தாள். பட்டுப்புடவையில், மல்லிகைப்பூவில், கண் மட்டும் கலங்கி இருந்தது.

"கேட்டியாடி? பக்கத்து ஸ்டேஷன்தான். ஆனா கீதாவ சும்மா சும்மா அனுப்புவாங்களா? இன்னாத்துக்குப் போறன்னு கேக்க மாட்டாங்க? ஜார் தேஞ்சிச்சின்னா ஒரு கட்டைப்பைல போட்டுகினு வந்துடுவா. நான் அடிய மாத்திக் குடுக்கறதுக்குள்ள ஒரு வேள சோறு துண்ணுட்டுப் போவா."

"அதுக்காகவா வாங்கன?"

"எதிர்க்கடைல அந்தப் பையன் இன்னா சொன்னான் தெரியுமா? எத்தினி வருசமானாலும் ரிப்பேரே வராதாம். அப்பறமா வரேன்னு வாங்காம வந்துட்டேன். ராத்திரி ஊட்ல படுத்துகினு அதையே நெனச்சிகினு கெடந்தேன். ரிப்பேரே வராத சாமான வாங்கி நான் இன்னாடி பண்றது?"

யாரோ கூப்பிட, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள். மானத்துக்காக முழு விலை கொடுத்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் நிஜம்தான். அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது. பக்கத்தில் செய்த சாமானை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு முரளி சொன்ன காரணமும் சரி, டோனா சொன்ன காரணமும் சரி. ஆனால் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் செய்ததென்றால், அதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வரலாம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மேடையைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏண்டி வசந்தி, உன் ஊட்ல ஒண்ணுமே ரிப்பேர் ஆவறதில்லையா?"

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினேன்.